ராப்பிட்டில் 800-லிருந்து 1200: எத்தனை மாதம் ஆச்சு?

குழு நண்பர்களுக்கு வணக்கம். செஸ் புதிதாக ஆடுபவர்கள் ஆன்லைனில் 800 ரேட்டிங்கிலிருந்து (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 1200-ஐத் தொட எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று கணக்கெடுக்கிறோம், உதவுங்கள்.

ஆடும் தளம் செஸ்.காமா லிசெஸ்ஸா என்று கட்டாயம் சொல்லுங்கள். லிசெஸ்ஸில் எல்லோருக்கும் தொடக்கமே 1500 என்பதால் இரண்டையும் ஒப்பிட முடியாது. ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது இன்னும் நிலைக்கவில்லை, விட்டுவிடுங்கள். 15+10 ராப்பிட் (ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி கூடுதல்) கணக்கு போதும். 3 நிமிட பிளிட்ஸ் வேண்டாம். அதில் பாதி ஆட்டத்தைக் கடிகாரமே முடித்துவிடும்.

முக்கியமாக, கடைசியாகத் தோற்ற 10 ஆட்டங்களை எஞ்சின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) போடாமல் முதலில் நீங்களே பாருங்கள். காவலில்லாமல் விட்ட காய் எத்தனை? சி7 கட்டத்தில் குதிரை வந்து ராஜாவுக்குச் செக் வைத்து, மூலையில் இருக்கும் யானையையும் பிடித்தது எத்தனை? ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் நகராமல் கடைசி வரிசையில் மேட் ஆனது? 1000-க்குக் கீழே தோல்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஓப்பனிங் மனப்பாடம் அங்கே வீண் என்பது எங்கள் கட்சி. மறுப்பவர்கள் ஆட்டத்தின் லிங்க்கோடு வாருங்கள்!

புதிர் போடுபவர்கள் தினமும் எத்தனை, விடை முழுதும் தெரிந்தபின் காயைத் தொடுகிறீர்களா, பார்த்ததும் நகர்த்துகிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.