வளர்ந்த பிள்ளைகளோடு கிரேக்கத் தீவுகள்: எங்கள் கோடை அனுபவம்

மகளுக்கு இருபத்து நான்கு வயது, வேலைக்குப் போகிறாள். மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், வயது இருபது. இந்த வயதுப் பிள்ளைகளோடு கிரேக்கத் தீவுகளுக்குப் போகலாமா, அவர்களுக்குப் பிடிக்குமா, மனக்கசப்பு இல்லாமல் வீடு திரும்ப முடியுமா என்று யோசிக்கிற பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போவதற்குப் போடும் திட்டம் இங்கே செல்லாது. எந்த நேரம் எல்லோரும் சேர்ந்து இருப்பது, எந்த நேரம் அவரவர் வழியில் போவது என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். எந்தத் தீவு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். தேதி குறிப்பதே பெரும்பாடாக இருந்தது. மகள் தன் அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுப்புக் கேட்டாக வேண்டும். மகனுக்குக் கோடையில் பகுதி நேர வேலை. இருவருக்கும் ஒத்துவந்தது ஜூலைக் கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும்தான். விலை உச்சத்தில் இருக்கும் காலம், காற்றும் பலமாக அடிக்கும் காலம். உங்கள் பிள்ளைகளுக்கு வசதிப்பட்டால் ஜூன் பிற்பாதியோ செப்டம்பரோ பாருங்கள். செப்டம்பரில் கடல் நீர் இன்னும் இளஞ்சூடாகவே இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும்.

மகன் முதலில் கொண்டுவந்த பட்டியலில் ஐந்து தீவுகள் இருந்தன. நான் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நாளில் காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளோடு துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும், கப்பல் தாமதித்தால் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாள் அதிலேயே போய்விடும். பேசிப் பேசி இரண்டு தீவுகளுக்கு வந்தோம்: தங்குமிடமாக நாக்ஸோஸ், கடைசி நாட்களுக்குப் பாரோஸ். இரண்டுக்கும் நடுவே கப்பலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மகளுக்குச் சாண்டோரினி ஆசை இருந்தது. எரிமலைப் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த வெள்ளை வீடுகளின் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அந்தக் காட்சி தெரிகிற அறைகளின் ஜூலை மாத வாடகையைப் பார்த்த பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் அந்தத் தீவின் ஃபிரா, ஓயா ஊர்களின் சந்துகளில் நகர இடமிருக்காது. கூட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு தகவல்: 2025 ஜூலை முதல், உச்சப் பருவத்தில் உல்லாசக் கப்பலிலிருந்து சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் இறங்கும் ஒவ்வொரு பயணியிடமும் கிரேக்க அரசு 20 யூரோ கட்டணம் வாங்குகிறது. சாண்டோரினியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அக்ரோத்திரியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த வெண்கலக் கால நகரத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதற்கு மே மாதமோ அக்டோபரோ போக வேண்டும் என்பது என் கருத்து.

தங்குமிடத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, தனித்தனி வாசல். நாக்ஸோஸில் ஆகியா அன்னா கடற்கரைக்கு அருகில், ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு சிறு வீடுகளை எடுத்தோம். இரண்டிலும் சிறிய சமையலறை உண்டு. அவர்கள் இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் எங்கள் தூக்கம் கெடாது. நாங்கள் காலையில் ஆறு மணிக்குக் காபி போட்டாலும் அவர்கள் தூக்கம் கெடாது. இரண்டு படுக்கையறை உள்ள ஒரே வீட்டைவிடக் கொஞ்சம் அதிகம் செலவானது. இந்தப் பயணத்தில் நன்றாகச் செலவிட்ட பணம் அதுதான் என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். தங்குமிடக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலநிலைப் பேரிடர்களுக்கென்று கிரேக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் தனி வரி வாங்குகிறது. 2025 முதல் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஹோட்டலின் நட்சத்திரத் தரத்தைப் பொறுத்து 2 முதல் 15 யூரோ. பல இடங்களில் இதை நேரில்தான் கட்ட வேண்டும். இரண்டு அறை எடுத்தால் இரண்டு மடங்கு.

நாக்ஸோஸுக்கும் பாரோஸுக்கும் வெளிநாட்டிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஏதென்ஸில் இறங்கி, விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் பிரேயஸ் துறைமுகம் வரை போனோம். 2022 முதல் அந்தப் பாதை துறைமுகம் வரை நேராகவே போகிறது. விரைவுப் படகு, பெரிய கப்பல் என்று இரண்டு வகை உண்டு. நான் பெரிய கப்பலைத்தான் சொல்வேன். நாக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் டிக்கெட் விலை குறைவு, மேல்தளத்தில் திறந்தவெளியில் உட்காரலாம், காற்றடிக்கும் நாளில் ஆட்டமும் குறைவு. கைப்பேசியில் மூழ்கியிருந்த என் மகன், ஏதென்ஸ் கரை மறைந்ததும் அதைப் பையில் போட்டுவிட்டுக் கம்பியோரம் வந்து நின்றான். அக்காவும் தம்பியும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

இறங்குவது எப்படி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஏறும்போதே பெட்டிகளைக் கீழ்த்தளத்தில், லாரிகளும் கார்களும் நிற்கும் இடத்தின் ஓரமாக இருக்கும் இரும்புத் தட்டுகளில் வைத்துவிட வேண்டும். எந்தத் தட்டு எந்தத் தீவுக்கு என்று எழுதியிருக்கும். தீவு நெருங்கியதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்; எல்லோரும் அந்தக் கீழ்த்தளத்துக்கு இறங்குவார்கள். டீசல் நெடி, புழுக்கம், இடுக்கில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், தோளில் குழந்தை, கையில் நாய்க்கூண்டு. கப்பல் பின்பக்கமாகக் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு கீழே இறங்கும். முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு வெள்ளை வெளேரென்று மொத்தத் துறைமுகம். கதவு கரையைத் தொட்டதும் ஊழியர்கள் கையை வீசி "போங்கள், போங்கள்" என்று விரட்டுவார்கள். சில நிமிடங்கள்தான் கப்பல் நிற்கும். முன்கூட்டியே இறங்கி நில்லுங்கள், பெட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து நிமிர்ந்தால் நாக்ஸோஸில் முதலில் கண்ணில் படுவது போர்த்தாரா. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் விடப்பட்ட கோயிலின் பளிங்கு வாசல், கடலைப் பார்த்துத் தனியாக நிற்கிறது.

எங்களுக்குள் ஒரே ஒரு விதிதான் வைத்தோம்: இரவுச் சாப்பாடு சேர்ந்து. பகலில் யார் எங்கே என்று கேட்கக் கூடாது. பிள்ளைகள் பதினொரு மணிக்கு எழுந்து ஆகியோஸ் புரோகோபியோஸ் கடற்கரைக்கு நடந்து போவார்கள். நாங்கள் அதற்குள் நீந்திவிட்டு நிழலுக்கு வந்திருப்போம். மாலை எட்டரைக்கு எல்லோரும் குளித்துவிட்டு முற்றத்தில் கூடுவோம். அதற்குப் பிறகு அவர்களுக்கு இன்னொரு நாள் தொடங்கும். "அம்மா, நீங்கள் போய்ப் படுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் இரவு விடுதிகளுக்கு யாருமே வரமாட்டார்கள்" என்றாள் மகள் முதல் இரவே. எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. இரண்டு ஏற்பாடு செய்துகொண்டோம். திரும்பும் வழியை அவர்கள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். தீவில் டாக்ஸிகள் மிகக் குறைவு, நள்ளிரவில் ஒன்றைப் பிடிப்பது கடினம். கடைசி பஸ் எப்போது என்று பஸ் நிலையத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது, அக்காவும் தம்பியும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதை அவர்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்கள், கடைசி வரை காப்பாற்றவும் செய்தார்கள்.

வாகன விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். கரையோரக் கடைகளில் ஸ்கூட்டரும் நாலு சக்கர மோட்டார் வண்டியும் வாடகைக்கு வரிசையாக நிற்கும். மகன் கேட்டான், நான் மறுத்தேன். அந்த வண்டிக்கு உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். மலைப்பாதைகளில் சரளைக்கல், எதிர்பாராத வளைவு, பக்கவாட்டில் காற்று. பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதில் தளர வேண்டாம் என்று மற்ற பெற்றோர்களையும் கேட்டுக்கொள்கிறேன். காரைப் பொறுத்தவரை, வாடகை நிறுவனங்கள் ஓட்டுநருக்கு 21 அல்லது 23 வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. எனவே மகளே ஓட்டினாள். பிரிட்டிஷ் உரிமம் அப்படியே செல்லும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வர வேண்டும். வலப்பக்கமாக ஓட்டும் நாடு என்பதும் நினைவிருக்கட்டும். அவள் எங்களை உள்நாட்டு மலைக்கிராமங்களுக்கு அழைத்துப்போனாள். ஹால்கியில் நாரத்தைவகை இலைகளிலிருந்து கிட்ரோன் என்ற மதுவை 1896 முதல் வடிக்கும் பழைய கூடம். அப்பீராந்தோஸில் தெருவெல்லாம் பளிங்கு பாவியிருக்கிறது. பின்னிருக்கையில் உட்கார்ந்து மகள் ஓட்ட ஊர் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

நடுவில் பிள்ளைகள் இருவர் மட்டும் கூஃபோனிசியாவுக்கு ஓர் இரவு தங்கப் போனார்கள். நாக்ஸோஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் குட்டித் தீவு. முழுவதையும் நடந்தே சுற்றிவிடலாம். மறுநாள் காலை திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. மெல்தெமி என்கிற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் நாள் கணக்கில் வீசும். அது பலத்துவிட்டால் சிறிய கப்பல்களும் விரைவுப் படகுகளும் முதலில் நின்றுவிடும். அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் காலையில் மரக்கிளைகளைப் பார்த்தே "இன்று படகு இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் அறைக்கு அடுத்து வரவேண்டியிருந்தவர்கள் அதே காற்றால் வந்து சேர முடியாததால் அந்த இரவும் அங்கேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். மதியம் தக்காளியும் மிளகாயும் குடைந்து அரிசி அடைத்துச் சுட்ட கெமிஸ்தாவைத் தட்டில் வைத்துக் கொடுத்தாராம். மகன் இதைச் சொல்லும்போது அந்த அம்மாளைப் பற்றியே பேசினான். இதற்காகத்தான் சொல்கிறேன்: விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடுங்கள். அதே நாளில் தீவிலிருந்து கப்பல் பிடித்து விமானத்தைப் பிடிக்கலாம் என்ற கணக்கு மெல்தெமியிடம் பலிக்காது.

பணத்துக்கு ஒரு வழி வைத்தோம். தங்குமிடமும் கப்பலும் எங்கள் பொறுப்பு. இரவுச் சாப்பாட்டில் மகள் சில நாட்கள் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுப்பாள், மகன் ஒரு நாள். அவன் தன் முறை வந்தபோது மூன்று கடைகளின் விலைப்பட்டியலைப் படித்துப் பார்த்து, நீரோரத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கும் கடைக்கு அழைத்துப்போனான். அங்கே தட்டுகளை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். மகள் சைவம். ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு, வெங்காயமும் எலுமிச்சையும் விட்டு வந்தபோது நம் வீட்டுப் பருப்புக் கடைசல் போலவே இருந்தது. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்தது, நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவல், கிராவியேரா பாலாடைக்கட்டி என்று அவளுக்குக் குறையே இருக்கவில்லை.

பாரோஸில் பிள்ளைகளுக்குப் பிடித்தது நவூசா என்ற துறைமுக ஊர், எனக்குக் கடற்கரைகள். குடையும் சாய்வுப் படுக்கையும் போட்டுக் கடற்கரை முழுவதையும் கடைகள் வளைத்துக்கொண்டதை எதிர்த்து 2023-இல் அந்தத் தீவு மக்களே துண்டோடு வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: கடற்கரையில் பாதியாவது பொதுமக்களுக்குக் காலியாக இருக்க வேண்டும். ஆகவே வாடகைப் படுக்கைக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு குடை வாங்கிக்கொண்டு போய்க் காலி இடத்தில் விரிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அன்னை மரியாளின் பெருவிழா. கிரேக்கர்கள் எல்லோரும் சொந்தத் தீவுக்குப் போகும் நாட்கள் அவை. பாரோஸின் எக்கடொண்டாபிலியானி கோயிலில் பெரிய விழா நடக்கும். கப்பல் டிக்கெட்டுகளைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அங்கே நோன்பு காலம் என்பதால் இறைச்சி, முட்டை, பால் சேராத உணவு கடைகளில் சாதாரணமாகவே கிடைக்கும். சைவப் பிள்ளைகள் இருப்பவர்கள் "நிஸ்திசிமோ" (நோன்புணவு) என்று கேட்டால் கடைக்காரரே எது எது என்று காட்டிவிடுவார். ஆனால் இறால், கணவாய் போன்றவையும் நோன்புணவில் சேரும், அவை இல்லாததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.