ஜனவரி 26: குடியுரிமை விழாவும் குடியரசு தினமும் ஒரே நாளில் வருகின்றன, என்ன செய்வது?

யாரா_கரை:
வணக்கம். எனக்கும் என் மனைவிக்கும் ஆஸ்திரேலியக் குடியுரிமை உறுதியாகி, உறுதிமொழி ஏற்பு விழாவுக்கான அழைப்பு வந்திருக்கிறது. ஜனவரி 26, காலை பத்து மணி. கோடைக்கால நேரப்படி மெல்பர்ன் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், டெல்லியில் பத்தரை மணிக்கு அணிவகுப்பு தொடங்கும்போது இங்கே மாலை நான்கு. இங்கு வந்த நாளிலிருந்து அந்த ஒளிபரப்பை ஓர் ஆண்டுகூட நான் தவறவிட்டதில்லை. இரட்டைக் குடியுரிமைக்கு இந்தியா இடம் தராததால், காலையில் உறுதிமொழி சொல்லி முடித்ததுமே 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி என் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். அப்படியானால் மாலையில் அந்த அணிவகுப்பை நான் யாராக உட்கார்ந்து பார்ப்பது? இது தேவையற்ற மனச்சிக்கல் என்கிறார் மனைவி. விழாத் தேதியை மாற்றிக் கேட்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

பழைய_முத்திரை:
கேட்கலாம், தயங்க வேண்டாம். 2022 டிசம்பரில் விதி மாறியபின், ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26-க்கு முன்னும் பின்னும் மூன்று நாள்களுக்குள் எந்த நாளிலும் உள்ளாட்சி மன்றங்கள் இவ்விழாவை நடத்தலாம். ஒப்புதல் கிடைத்துப் பன்னிரண்டு மாதங்களுக்குள் உறுதிமொழி எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதன்பின் இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யாமல் அதை ஒப்படைத்து, பிறகு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் வாக்குரிமை கிடையாது, விளைநிலம் வாங்கவும் முடியாது.

என் விழா ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் நடந்தது. சான்றிதழும் சின்னத் தொட்டியில் ஒரு செடியும் தந்தார்கள். நானும் சிரித்தபடி புகைப்படத்துக்கு நின்றேன். மனம் கனத்தது ஆறு வாரம் கழித்துத்தான். ரத்து முத்திரையோடு பழைய கடவுச்சீட்டு தபாலில் திரும்பி வந்தபோது, முதன்முதலாக விமானம் ஏறிய நாளின் குடியகல்வு முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சமையலறையில் நின்றபடியே தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே தேதியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வன்னி_மழை:
அண்ணா, நான் இலங்கையில் பிறந்து அவுஸ்திரேலியப் பிரஜையானவள். இலங்கை இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கிறது. விரும்பினால் இரண்டு கடவுச்சீட்டுகளையும் நான் வைத்திருக்கலாம். இருந்தும் இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 எங்கள் வீட்டில் ஒருநாளும் கொண்டாட்ட நாளாக இருந்ததில்லை. பல தமிழர்கள் அதைக் கரிநாளாகவே அனுட்டிக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவில், 1949-க்குப் பிறகு முதன்முறையாகத் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். அந்தக் காணொளியைக் கைபேசியில் பார்த்த என் அம்மா ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். 2020-இல் அரச விழாவில் மீண்டும் சிங்களத்தில் மட்டுமே பாடினார்கள். ஒரு நாட்டின் நாளை இழப்பதற்காக நீங்கள் வருந்துகிறீர்கள். வருந்துவதற்கு அப்படியொரு நாள் இருப்பதே எனக்குச் சிறிது பொறாமையாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1788-இல் பிரித்தானியக் கப்பல்கள் சிட்னிக்கு வந்துசேர்ந்ததை நினைவுகூரும் இந்த 26-ஆம் திகதியை, 1938-இலேயே பூர்வகுடி மக்கள் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். அதை அறிந்த பிறகு அன்று உறுதிமொழி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வேறு நாள் கேட்டேன், கொடுத்தார்கள்.

மணிக்கூண்டு:
நான் சற்று மாறுபடுகிறேன். 1930 ஜனவரி 26-இல் முழு விடுதலை உறுதிமொழி எடுத்தவர்களுக்குச் சொந்தமாகக் கடவுச்சீட்டும் இல்லை, அரசும் இல்லை. 1947 வரை அந்த நாளையே சுதந்திர நாளாகக் கொண்டாடினார்கள். 1949 நவம்பர் 26-இல் அரசமைப்பை ஏற்றுக்கொண்டபின், அது முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்ததும் அந்தத் தேதிக்காகத்தான். உரிமைச் சீட்டு எதுவும் இல்லாதவர்கள் கொண்டாடி வளர்த்த நாள் அது. அதைப் பார்க்க உங்களுக்கு மட்டும் சீட்டு எதற்கு? (அணிவகுப்பைவிட மாநில ஊர்திகள்தான் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

யாரா_கரை:
அனைவருக்கும் நன்றி. வன்னி_மழை குறிப்பிட்ட 1938-ஆம் ஆண்டுச் செய்தி எனக்குத் தெரியாது. என் தயக்கத்தில் என்னைப் பற்றிய கவலை மட்டுமே இருந்திருக்கிறது என்பது படித்தபோதுதான் உறைத்தது. மணிக்கூண்டு சொல்வது நியாயம்தான் என்றாலும், கடைசியாக ஒருமுறை குடிமகனாகவே அதைப் பார்த்துவிட ஆசைப்படுகிறேன். நேற்று எழுதிக் கேட்டேன். 28-ஆம் தேதி விழாவில் இடம் இருப்பதாகப் பதில் வந்துவிட்டது. மனைவி கேட்ட ஒரே கேள்வி: அன்றைக்கும் செடி தருவார்களா, தந்தால் வீட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?