தாத்தா வைத்திருந்த மூன்று குழல் துப்பாக்கி: சேர்வராயன் மலையில் இதை வைத்து எதை வேட்டையாடினார்கள்?

நாகலூர் காபி:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. என் தாத்தா இளவயதில் ஒரு வெள்ளைக்கார முதலாளியின் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதலாளி ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் துப்பாக்கியை முறைப்படி தாத்தா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா கடைசிவரை உரிமத்தைப் புதுப்பித்து வந்தார். தேர்தல் அறிவிப்பு வந்தால் முதல் ஆளாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவார். அவர் காலமான பிறகு அப்பா அதைச் சேலத்தில் உரிமம் பெற்ற கடை ஒன்றில் ஒப்படைத்திருக்கிறார்.

சென்ற வாரம் கடையில்தான் அதை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். மேலே பக்கம் பக்கமாக இரண்டு குழல்கள். அவற்றுக்கு நடுவே அடியில் ஒல்லியாக மூன்றாவது. ஆனால் விசைகள் இரண்டுதான். கட்டையின் கழுத்தில், வலது கட்டைவிரல் படுகிற இடத்தில், முன்னும் பின்னும் நகரும் ஒரு தள்ளு இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால், குழல்களின் மேல் படுத்திருக்கும் சிறு தகடு ஒன்று தானாக எழுந்து நிற்கிறது. இடப்பக்கம் இன்னொரு சிறு பொத்தான். கடைக்காரர் குழலைக் கழற்றி அடியில் இருந்த முத்திரைகளைக் காட்டினார்: வட்டத்துக்குள் 16, மகுடம் வைத்த எழுத்துகள், ‘நைட்ரோ’ என்ற சொல், ‘9,3 72’, பிறகு ‘6 28’.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இந்த மலையில் எந்த விலங்குக்காக இதை வைத்திருந்திருப்பார்கள்? காட்டுப்பன்றிகள் தோட்டத்தைப் புரட்டிப் போடுகின்றன, அதற்கு இது உதவுமா? சித்தப்பா, குழல்களை வெல்டிங் வைத்து அடைத்துச் சுவரில் மாட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் வைக்காதீர்கள். அந்த மூன்று குழல்களும் ஒன்றோடொன்று ஈயப்பற்றால் இணைந்தவை. வெல்டிங் சூடு பட்டால் பற்று உருகிக் குழல்கள் தனித்தனியாக விட்டுப்போகும். ஒரே இடத்தைக் குறிபார்த்துச் சுடும்படி அந்த மூன்றையும் ஒருவர் சோதித்துச் சோதித்து இணைத்திருக்கிறார். அந்த வேலையை இன்று செய்து தர நம் பக்கத்தில் ஆள் கிடையாது. மேலும், உரிமத்தில் உள்ள ஆயுதத்தில் இப்படிக் கைவைப்பது சட்டப்படியும் தவறு.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் அது ஜெர்மனியின் ‘டிரில்லிங்’ என்ற மூன்று குழல் துப்பாக்கி வகை. முத்திரைகள் 1928ஆம் ஆண்டு ஜூன் மாதம் சோதனை முடிந்ததைச் சொல்கின்றன. மேலே உள்ள இரண்டும் 16 போர் (‘போர்’ என்பது குழலின் உள்விட்ட அளவு) ரவைக் குழல்கள், அதாவது சிறு ஈயமணிகளைச் சிதறச் சுடுபவை. அடியில் இருப்பது 9.3 மில்லிமீட்டர் ரைபிள் குழல், 72 மில்லிமீட்டர் நீளமான விளிம்புத் தோட்டாவுக்கானது. ‘நைட்ரோ’ என்பது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதற்கான அடையாளம். ஊர்ப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஜெர்மனியின் ஸூல் (Suhl) நகரம் என்றிருந்தால் நான் வியப்படைய மாட்டேன், இந்த வகையில் பெரும்பகுதி அங்குதான் பிறந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் இதன் அழகு முழுவதும் இருக்கிறது. தள்ளு பின்னால் இருக்கும்போது இது ஒரு சாதாரண இரட்டைக்குழல் துப்பாக்கி. முன் விசை வலது குழலை வெடிக்கும், பின் விசை இடது குழலை வெடிக்கும். தள்ளை முன்னால் நகர்த்தியதும் முன் விசை வலது குழலை விட்டுவிட்டு அடியிலிருக்கும் ரைபிள் குழலோடு சேர்ந்துகொள்கிறது. அதே நொடியில் பின்குறித் தகடு எழுந்து நிற்கிறது, ஏனென்றால் குண்டை நிதானமாகக் குறிபார்க்கத்தான் தகடு வேண்டும், ரவைக்கு வேண்டாம். பின் விசை எப்போதும் இடது ரவைக் குழலுக்கே. ஆகவே குண்டு ஒன்று, உடனே ரவை ஒன்று, இரண்டும் ஒரே கையில் தயாராக இருக்கும். இடப்பக்கப் பொத்தான் பாதுகாப்புப் பூட்டு. முன் விசையை லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள், (கடையில், காலிக் குழலோடு மட்டும்). ‘டிக்’ என்று அமர்ந்தால், அதன் பிறகு விரல் பட்டாலே விழும் மென்விசை அது. ரைபிள் குழலுக்காக வைத்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த நாளில் காபிக் காட்டுக்குள் விடியற்காலையில் நடந்தவருக்கு, எது எதிரே வரும் என்று தெரியாது. சில்வர் ஓக் மர வரிசை முடிகிற இடத்தில் காட்டுக்கோழி சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். அதற்கு 6ஆம் எண் ரவை. பாறை இடுக்கிலிருந்து முயல் புறப்படும், அதற்கு 4ஆம் எண். இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஓடைக்கு அக்கரையில் கேளையாடு (குரைக்கும் சிறு மான்) நின்று பார்க்கும். ரவை அங்கே எட்டாது. எட்டினாலும் காயப்படுத்தும், கொல்லாது. அந்த ஆட்டுக்காக ஒரு ரைபிள், கோழிக்காக ஒரு துப்பாக்கி என்று இரண்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமானால் கூடவே ஒரு ஆள் வேண்டும். பெரிய துரைகளுக்கு ஆள் இருந்தது. தனியே நடந்த எஸ்டேட்காரருக்கு மூன்றரைக் கிலோவுக்குள் எல்லாம் அடங்கிய இந்தத் துப்பாக்கி போதும்.

இந்தியாவை மனத்தில் வைத்து ஆங்கிலேயர்கள் வேறு வழியிலும் இதே சிக்கலைத் தீர்த்தார்கள். கர்னல் ஃபாஸ்பரி 1885இல் காப்புரிமை பெற்று, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்து விற்ற ‘பாரடாக்ஸ்’ துப்பாக்கி அது. குழல் முழுவதும் வழவழப்பு, வாயருகே கடைசிச் சில அங்குலம் மட்டும் முறுக்குப் பள்ளம். ரவையும் போகும், கனமான குண்டும் போகும். அதில் குண்டு போகும் தூரம் குறைவு, ஆனால் எதை எப்போது வெடிக்கிறோம் என்ற குழப்பம் கிடையாது. டிரில்லிங்கில் அந்தக் குழப்பம் உண்டு, அதுதான் இதன் பெரிய ஆபத்து.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேளையாட்டுக்காகத் தள்ளை முன்னால் தள்ளுகிறார். ஆடு மறைந்துவிடுகிறது. தள்ளைப் பின்னால் இழுக்க மறந்து நடக்கிறார். காலடியில் கௌதாரி எழுகிறது. பழக்கத்தில் முன் விசையை இழுக்கிறார். ரவைக்குப் பதில் 12 கிராம் எடையுள்ள குண்டு வானத்தில் போகிறது. அது எங்கே விழும்? சேர்வராயன் மலையில் ஒவ்வொரு சரிவுக்குக் கீழும் ஓர் ஊர் இருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும் யாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: தள்ளு முன்னால் போகிற நேரம் விலங்கு கண்ணெதிரே நிற்கிற நேரமாக இருக்க வேண்டும், சுடவில்லை என்றால் அடுத்த அடி எடுத்துவைக்கும் முன் அது பின்னால் வந்திருக்க வேண்டும். எழுந்து நிற்கும் அந்தத் தகடும் கண்ணுக்கு எதிரே இதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

ஜெனா தமிழன்:

செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் வேலை பார்க்கும் ஜெனா, ஸூல் இருக்கும் அதே துரிங்கியா மாநிலத்தில்தான் இருக்கிறது. ஸூலில் ஆயுத அருங்காட்சியகமே உண்டு, போனால் இந்த வகைத் துப்பாக்கிகளைப் பார்க்கலாம். இங்கே தேர்வு எழுதி வேட்டை உரிமம் பெற்று, எங்கள் குழுவோடு காட்டுக்குப் போகிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் துப்பாக்கியின் 9.3 × 72 தோட்டா பார்க்கத்தான் பெரியது. பழைய கரும்புகை மருந்துக் காலத்துத் தோட்டா, அழுத்தம் குறைவு, வேகமும் குறைவு. ஜெர்மன் சட்டப்படி குளம்புள்ள விலங்குகளை ரவையால் சுடக் கூடாது. ரோ மானைச் சுட, 100 மீட்டரில் குண்டுக்குக் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் வேண்டும். காட்டுப்பன்றி, சிவப்பு மான் போன்றவற்றுக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குண்டும் 2000 ஜூலும் வேண்டும். இந்தத் தோட்டா முதல் வரம்பைத் தாண்டும், இரண்டாவதைத் தாண்டாது. அதாவது இங்கே குளம்புள்ள விலங்குகளில் ரோ மானுக்கு மட்டும்தான் இதைப் பயன்படுத்தலாம். ரோ மான் ஏறக்குறைய நம் கேளையாட்டின் எடைதான். ஆகவே உங்கள் தாத்தாவின் முதலாளி இதைக் கேளையாட்டுக்கும் கோழிக்கும் வைத்திருந்தார் என்பதுதான் என் ஊகமும். இதை நம்பி ஆண் பன்றி முன்னால் நில்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காயம்பட்ட பன்றி என்ன செய்யும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பன்றிக்கு ஏற்ற கனமான வகையும் இருந்தது. 9.3 × 74 தோட்டா அதைவிட 2 மில்லிமீட்டர்தான் நீளம், ஆனால் வலிமை ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை வட ஆப்பிரிக்காவில் இறங்க நேரும் விமானிகளுக்காக, 12 போர் குழல்களோடு இந்தத் தோட்டாவைச் சேர்த்துச் சாவர் நிறுவனத்திடம் டிரில்லிங் செய்து வாங்கியது. இரண்டு தோட்டாக்களும் பெயரில் ஒன்றுபோலத் தெரிவதால் மாற்றி வாங்கிவிட வேண்டாம். ரஷ்ய விண்வெளி வீரர்களுக்கும் மூன்று குழல் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. 1965இல் வாஸ்கோட் 2 கலம் இலக்குத் தப்பி யூரல் மலைக்காட்டுப் பனியில் இறங்கிய அனுபவம்தான் அதற்கு வித்து.

இங்கே இளம் வேட்டைக்காரர்கள் இப்போது டிரில்லிங் வாங்குவதில்லை. தொலைநோக்கி பொருத்திய ஒற்றைக்குழல் ரைபிள்தான் எல்லோரிடமும். ஆனால் பழைய வனக்காவலர் ஒருவரோடு இலையுதிர்காலத்தில் நடந்தால், அவர் தோளில் டிரில்லிங்தான் தொங்கும். வலது குழலுக்குள் சிறிய .22 உட்குழல் ஒன்றையும் செருகிவைத்திருப்பார், நரிக்கு, மானுக்கு, பறவைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அளவான வெடி. தேவைக்கு மேல் ஒரு விலங்கைச் சிதைக்கக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாகலூர் காபி:

இருவருக்கும் நன்றி. பன்றிக்கு ஆகாது என்று புரிந்தது. ஆனாலும் பலாப்பழக் காலத்தில் ஒவ்வொரு இரவும் கூட்டமாக வருகின்றன. வேர்வரை தோண்டுகின்றன. சத்தம் காட்டி விரட்டவாவது வைத்துக்கொள்ளலாமா?

செம்மநத்தம் மிளகுக்கொடி:

தம்பி, நான் இந்த மலையின் பழங்குடியான மலையாளி சமூகத்துப் பெண். எங்கள் கொல்லையிலும் அதே பன்றிதான் வருகிறது, அடிவாரத்தில் என் அக்காள் வீட்டுக் குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரே இரவில் பாதியைக் கிளறிப் போட்டது. உங்கள் கோபம் எனக்குப் புரியும். ஆனால் துப்பாக்கியோடு இரவில் தோட்டத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். 1991 திருத்தத்தோடு விளையாட்டு வேட்டைக்கு உரிமம் தரும் வழியும் அடைபட்டுவிட்டது. காட்டுக்கோழி, முயல், கேளையாடு, பன்றி எதுவும் விலக்கல்ல. பன்றிக்காக 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை. விரட்டத்தான் சுட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உரிமம் போகும், வழக்கு வரும்.

எங்கள் பாட்டன் காலத்தில் நாட்டுத் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் ஒற்றைக்குழல். இன்று காவல்துறை கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட கதைகள் எல்லா மலையிலும் உண்டு. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைப்பதும் மின்வேலி போடுவதும் அதைவிடக் கொடுமை. மாடும் சாகும், பிள்ளையும் சாகும்.

பலாப்பழத்தைப் பழுக்கும் முன் இறக்குங்கள். விழுந்ததை அன்றன்றைக்கு அள்ளுங்கள். பன்றி வருவதே அந்த வாசனைக்குத்தான். சேதம் நடந்தால் மறுநாளே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். பணம் வரத் தாமதமாகும், ஆனாலும் மனு கொடுங்கள். எத்தனை மனு வருகிறது என்பதை வைத்துத்தான் அவர்களும் இந்தப் பக்கம் ஆள் அனுப்புவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

அந்த அம்மா சொன்னதற்கு மேல் பன்றியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

துப்பாக்கியை வைத்துக்கொள்ள உங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு உரிமம் வேண்டும், அதற்கு வருகிறேன். ஏற்காடு சேலம் மாநகர எல்லைக்கு வெளியே இருப்பதால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். அதற்கு முன் தாத்தாவின் உரிமப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ‘16 போர் இரட்டைக்குழல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா, 9.3 ரைபிள் குழலும் குறிக்கப்பட்டிருக்கிறதா? பழைய எழுத்தர்கள் மூன்றாவது குழலை விட்டுவிட்டு எழுதிய புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். விடுபட்டிருந்தால் நீங்களே முன்வந்து அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சோதனையில் அது வெளிவந்தால் விளக்குவது கடினம்.

சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். அந்த நாளைய ஜெர்மன் 16 போர் அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைப்பவை 70. நீளமான தோட்டா உள்ளே நுழைந்துவிடும், மூடியும் கொள்ளும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். அறையை அளக்காமல் எதையும் போடக் கூடாது.

கடைக்காரரிடம் இன்றே இதைச் சொல்லுங்கள்: குழல்களைக் கழற்றி உள்ளே மெல்லிய எண்ணெய் பூசி, தோலுறையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்கட்டும். மழைக்காலத்தில் தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். குழல்களுக்கு நடுவே உள்ள பற்றுவாயில் துரு படிந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.