பாரி லிண்டன்: கண் நிறைகிறது, மனம் ஏன் ஒட்டவில்லை?

மாலைக்காட்சி:
ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’ (1975) பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அயர்லாந்தின் புல்வெளிகள், சிவப்புச் சட்டைப் படைவீரர்கள் குண்டுமழைக்கு நேராக அணிவகுத்து நடப்பது, மெழுகுவர்த்தி ஒளியில் சீட்டாட்டம் என எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஜான் ஆல்காட்டின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்.

ஆனால் கதாநாயகன் பாரி ஒரு பணக்காரச் சீமாட்டியை மணந்த பிறகு என்னால் படத்துக்குள் இருக்க முடியவில்லை. குதிரை வண்டியில் அவள் முகத்திலேயே புகையை ஊதுகிறான். அந்த அவமானம் என்னை உலுக்கியிருக்க வேண்டும். நானோ அவள் தொப்பியையும் முகத்தில் விழுந்த வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகு கதைக்குத் துணை நின்றதா, அதன் இடத்தையே பிடித்துக்கொண்டதா? படத்தை நேசிப்பவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளித்திரை:
ஒரு காரணம் கருவியிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படமெடுக்க, நாசாவுக்காக ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனம் செய்த 50 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்தினார்கள். துளை அளவு எஃப் 0.7. ஒளியை அள்ளிக்கொள்ளும், ஆனால் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த விறைப்பையே நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள்.

ஆற்றங்கரை:
லென்ஸை மட்டும் சொல்வானேன்? கதைசொல்லியின் குரல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மகன் குதிரையிலிருந்து விழுவதற்கு முன்பே, பாரி பிள்ளையில்லாமல், ஏழையாக, தனியாக முடிவான் என்று அறிவித்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. அதன் பிறகு அந்தச் சிறுவன் சிரிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. அடுத்து என்ன என்ற பதைப்பைத் தேடினால் இந்தப் படத்தில் கிடைக்காது, நண்பரே.

மாலைக்காட்சி:
லென்ஸ் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, வெள்ளித்திரை. சீட்டாட்ட மேசையில் பாரியும் சீமாட்டியும் பார்வையாலேயே பேசிக்கொள்ளும் இடத்தில் அந்த அசைவின்மை பொருந்துகிறது. பகல் வெளிச்சத்திலும் அதே விறைப்பு ஏன்? அங்கே லென்ஸின் கட்டாயம் இல்லையே.

ஆற்றங்கரை, முடிவு தெரிந்துவிட்டதால் நான் விலகவில்லை. களஞ்சியத்தில் நடக்கும் கடைசித் துப்பாக்கிச் சண்டையைப் பாருங்கள். புறாக்கள் படபடக்கின்றன. பாரியை எதிர்த்து நிற்கும் புல்லிங்டனின் (சீமாட்டியின் முதல் திருமணத்து மகன்) துப்பாக்கி குறிபார்க்கும் முன்பே வெடித்துவிட, அவன் பயத்தில் ஓரமாகப் போய் வாந்தி எடுக்கிறான். பாரி வேண்டுமென்றே தரையில் சுடுகிறான். அந்த நிமிடங்களில் நான் மூச்சுவிட மறந்தேன். ஒளி அங்கேயும் அழகுதான், அதே நிதானம்தான். ஆனால் அந்த இளைஞனின் நடுக்கம் என்னைத் தொட்டது. பாரியின் திருமணத்திலும் அப்படி ஒரு நடுக்கத்தை குப்ரிக் காட்டியிருக்கலாம். காட்டத் தெரிந்தவர் காட்டாமல் விட்டதில்தான் எனக்கு வருத்தம்.