திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறிய பையன்

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பிள்ளையை எப்படி எழுப்பி நடக்க வைத்தீர்கள் என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பையனுக்கு அப்போது ஐந்து வயது. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான், ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். குடலேத்தம் என்று நினைத்து என் மாமியார் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட்டார்கள். காலையில் பேதிக்கும் கொடுத்தோம். பக்கத்துக் கிளினிக்கில் அஜீரணம் என்று சிரப் எழுதித் தந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வலி குறைந்து, பிள்ளை கொஞ்சம் தூங்கினான். சரியாகிவிட்டது என்று நாங்களும் படுத்துவிட்டோம். சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

வெடித்த உடனே உள்ளே இருந்த அழுத்தம் இறங்கும், அதனால் கொஞ்ச நேரம் வலி தணிந்த மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்த மத்தியானத் தூக்கம் எனக்குப் புரிந்தது. வலியோடு வாந்தியும் காய்ச்சலும் இருந்தால் தயவுசெய்து வயிற்றை நீவாதீர்கள், பேதிக்குக் கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்தவனுக்கு மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் பச்சையாக நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சீழ் வடிய வயிற்றுப் பக்கவாட்டில் இன்னொன்று. கையில் ட்ரிப்ஸ். குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை வாய்வழி எதுவும் கிடையாது. "அம்மா, ஒரே ஒரு மடக்குத் தண்ணி" என்று கேட்பான். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவேன், அவன் பஞ்சைச் சப்பப் பார்ப்பான். அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தினமும் காலையில் டாக்டர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். அப்புறம் ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுச்சா?" நடந்தால் குடல் சீக்கிரம் முழிக்கும், நெஞ்சில் சளியும் கட்டாது என்றார். இவனோ சுருண்டு படுத்தவன், தொட்டாலே அலறினான். எப்படி எழுப்புவது என்று சிஸ்டர்தான் காட்டித் தந்தார்: முதலில் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, பிறகு தோளைத் தாங்கி உட்கார வைக்க வேண்டும். இருமும்போது மடித்த துண்டை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தான். ஆனால் நடக்கத்தான் மாட்டேன் என்றான்.

எதிர்க் கட்டிலில் பேரனோடு குரும்பூர்ப் பக்கத்து ஆச்சி ஒருத்தர் இருந்தார்கள். அவர்கள் வந்து, "எல, திருச்செந்தூர் பாசஞ்சர் கெளம்பப் போவுது, டிரைவர் எங்கல?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு ஸ்டேஷன். முதல் கட்டில் பாளையங்கோட்டை, அடுத்தது செய்துங்கநல்லூர். ட்ரிப்ஸ் பாட்டிலை நான் தூக்கிக்கொள்ள, ஆச்சி விரலைப் பிடித்து முதல் நாள் செய்துங்கநல்லூர் வரை போனான். மறுநாள் தாதன்குளம் தாண்டி ஸ்ரீவைகுண்டம். மற்ற கட்டில் பிள்ளைகள் தங்கள் ஸ்டேஷன் வந்ததும் பச்சைக்கொடி என்று கையை ஆட்டுவார்கள். அந்த ஸ்ரீவைகுண்டத்தில்தான் காற்று பிரிந்தது. ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார்கள், நான் அழுதுவிட்டேன்.

என் மாமியார் அதுவரை ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. தன்னால்தான் என்று வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார்கள். பையன் போனை வாங்கி, "ஆச்சி, எனக்குக் காத்து பிரிஞ்சுட்டு, தண்ணி குடிக்கப் போறேன்" என்றான். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்கள்.

*

தென்காசியிலிருந்து ஓர் அப்பா:

எங்கள் மகளுக்குப் பத்து மாதத்தில் குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது. காலை வயிற்றோடு மடக்கி வீறிடுவாள், அப்புறம் அசந்துபோவாள், மறுபடி வீறிடுவாள். சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போனதும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளுக்கும் ஆபரேஷன்தான். நடக்கிற வயசில்லை, தோளில் போட்டு வராந்தாவில் நான்தான் நடந்தேன். அக்கா, உங்கள் பையனுக்கு எப்போது சோறு கொடுத்தீர்கள்?

*

தம்பி, முதலில் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர்தான். வாந்தி வரவில்லை என்று பார்த்துவிட்டு இளநீர், கஞ்சித் தண்ணீர், அடுத்த நாள் இட்லி, பிறகு குழைந்த சோறு. பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். அதற்கு முந்தின நாளே வார்டின் கடைசிக் கட்டில் வரை நடந்திருந்தான். அது ஆறுமுகநேரிதான். திருச்செந்தூருக்குக் கட்டில் பத்தவில்லை என்று அவனுக்கு வருத்தம். முடி இறக்க நேர்ந்திருந்தோம், அதனால் நிஜ ரயிலிலேயே கூட்டிப்போனோம். குரும்பூர் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஆச்சியைத் தேடினான்.