லோ சுகர்: உங்கள் வீட்டில் முதலில் தெரிந்த அறிகுறி எது?

திருச்சி மகள்:

அப்பாவுக்கு 74 வயது. பல வருடங்களாக சுகர், கூடவே பிரஷர். அதிர்ந்து பேசாத மனிதர். போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பேப்பர் பணம் வாங்க வந்த பையனிடம் "நேத்தே கொடுத்தாச்சு, ஏமாத்தப் பாக்குறியா?" என்று கத்த ஆரம்பித்தார். சமாதானம் செய்யப் போன அம்மாவிடமும் எரிந்து விழுந்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்தைத் தொட்டால் சில்லென்று ஈரம். விரலைக் குத்திப் பார்த்தோம்: சுகர் 52.

கை நடுங்கவில்லை, படபடப்பு இல்லை, பசிக்கிறது என்றும் சொல்லவில்லை. அப்புறம் டாக்டர் விளக்கினார். சர்க்கரை குறையும்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். நடுக்கமும் படபடப்பும் அதனால் வருபவை. அப்பா பிரஷருக்குச் சாப்பிடும் மெட்டோப்ரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும், வியர்வையை மட்டும் அமுக்காது. கோபமும் குழப்பமும் மூளைக்கே குளுக்கோஸ் போதாததால் வருபவை. 70க்குக் கீழே வந்தாலே லோ. 54க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பிக்கும், தன்னால் கேட்டு வாங்கிக் குடிக்கக்கூடத் தோன்றாது. அதனால்தான் கூட இருப்பவர்கள் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற கண்டக்டர்:

உங்க அப்பா வயதுக்குப் பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன், தங்கச்சி. வேலையில் இருந்த காலத்தில் எனக்கு முதலில் உதடு மரக்கும். அடுத்தது சில்லறைக் கணக்கு. இருபது ரூபாய் வாங்கி, டிக்கெட் போக எவ்வளவு மீதி கொடுக்க வேண்டும் என்பது தலைக்குள் ஓடாது. எத்தனையோ வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த கணக்கு அது. அந்தத் தடுமாற்றம் வந்தாலே பையிலிருக்கும் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொள்வேன்.

இன்சுலினுக்கு மாறி ரொம்ப காலம் கழித்து அந்த எச்சரிக்கையே நின்றுபோனது. 45 காட்டும், நான் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பேன், திடீரென்று கண் இருட்டும். அடிக்கடி லோ ஆனால் உடம்பு அதற்குப் பழகி, எச்சரிக்கை மணியைத் தாமதமாக அடிக்கும் என்றார் டாக்டர். டோஸைக் குறைத்து, சில வாரம் சுகர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், ஒரு தடவைகூட லோ ஆகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குப் பிறகு உதடு மரப்பது மறுபடி தெரிகிறது. முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் தெரிகிறது.

டைப் 1 சுகர் உள்ள குழந்தையின் அம்மா, கோவை:

என் பெண் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு மயக்கம், படபடப்பு என்றெல்லாம் சொல்லத் தெரியாது. "அம்மா, கால் ஆடுதும்மா" என்பாள். சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள், வாய் ஓயாமல் பேசுகிறவள் சட்டென்று அமைதியாகிவிடுவாள். அவள் நோட்டைப் பார்த்தாலே தெரியும், நேராக எழுதிக்கொண்டு வந்தவள் பக்கத்தின் பாதியில் வரியை விட்டு இறங்கியிருப்பாள். உதட்டைச் சுற்றி வெளுத்திருக்கும்.

டீச்சரிடம் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன்: தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள். ஓய்வறைக்குப் போய்ப் படு, ஆபீஸுக்குப் போய் போன் பண்ணு என்று அனுப்பினால் வழியிலேயே விழலாம். உட்கார்ந்த இடத்திலேயே குளுக்கோஸ் கொடுங்கள், எனக்கு அப்புறம் போன் செய்யலாம். அவர்களும் அப்படியே செய்கிறார்கள், மனதார நன்றி சொல்கிறேன்.

விளையாட்டு தினம் வந்தால் எனக்கு ராத்திரிதான் கவலை. பகலில் நன்றாக ஓடியாடினால் லோ பல மணி நேரம் கழித்துக்கூட வரும். தலையணை நனைந்திருப்பது, தூக்கத்தில் அழுவது, காலையில் தலைவலியோடு எழுவது, இதெல்லாம் ராத்திரி லோவாக இருக்கலாம். அந்த நாட்களில் படுக்கும்போது ஒரு தடவை, நடுராத்திரி ஒரு தடவை குத்திப் பார்க்கிறேன்.

கீழக்கரை வாசகர்:

நோன்பு வைக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன். எங்கள் வாப்பாவுக்கு அஸர் (மாலைத் தொழுகை) நேரத்தில் கொட்டாவி கொட்டாவியாக வரும், பேச்சு இழுக்கும். நோன்புக் களைப்பு என்றே எல்லோரும் நினைப்பார்கள். குத்திப் பார்த்தால் 64. இன்னும் கொஞ்ச நேரத்தில் இஃப்தார், பொறுத்துக்கொள்கிறேன் என்றார். 70க்குக் கீழே போனால் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதைச் சொல்லி உம்மாதான் சம்மதிக்க வைத்தார். விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் எல்லோருக்கும் சொல்லுங்கள், அந்தத் தயக்கத்தில்தான் பலர் பார்க்காமலேயே இருக்கிறார்கள். ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

ஸ்டாஃப் நர்ஸ்:

எங்கள் வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். வாய் கோணி, ஒரு பக்கக் கை தூக்க வராமல் பக்கவாதம் என்று கொண்டுவருவார்கள். சுகர் பார்த்தால் 30 சொச்சம் இருக்கும். குளுக்கோஸ் ஏறியதும் கை வந்துவிடும். எல்லாப் பக்கவாதமும் இப்படி இல்லை, ஆனால் சுகர்காரர் குழறினால் 108க்கு அழைக்கும்போதே கையோடு சுகரையும் பாருங்கள்.

வயதானவர்களில் எனக்கு மிகவும் பயம் தருவது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை சுகர் மாத்திரைகள். கிட்னி சரியாக வேலை செய்யாதவருக்கு இந்த மருந்து உடம்பிலேயே தங்கும். சர்க்கரைத் தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்தார், சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். இவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அதனால்தான். வாந்தி பேதி வந்து சாப்பிடாத நாளிலும் வழக்கம்போல் மாத்திரையை முழுங்கிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, சிரிஞ்ச். பாட்டில் இன்சுலின் இங்கே பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிஜில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட் வகை. பேனா கெட்டுப்போனது என்று கார்ட்ரிஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போகும்.

நினைவு இல்லாதவர் வாயில் தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடச் சொல்லுங்கள்.

திருச்சி மகள்:

சிஸ்டர், அப்பா வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரையும் சாப்பிடுகிறார். அன்று சீனிதான் கொடுத்தோம், ஏறுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

ஸ்டாஃப் நர்ஸ்:

அது வோக்லிபோஸின் வேலைதான்மா. சீனியைக் குடல் உடைத்தால்தான் குளுக்கோஸ் ரத்தத்தில் சேரும், அந்த உடைப்பைத்தான் வோக்லிபோஸ் தாமதப்படுத்துகிறது. அவருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரே வேண்டும், டப்பா மேல் குளுக்கோஸ் என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். சாக்லேட் யாருக்குமே முதல் உதவிக்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும்.

சேலம் வாசகர்:

அம்மாவுக்கு 130 இருக்கும்போதே படபடப்பும் வியர்வையும் வருகிறது. அதுவும் லோவா?

ஸ்டாஃப் நர்ஸ்:

முன்பு ரொம்ப நாள் 300க்கு மேல் இருந்ததா? அப்படியானால் உடம்பு அதையே வழக்கம் என்று வைத்துக்கொண்டிருக்கும், வேகமாக இறங்கும்போது லோ மாதிரியே காட்டும். 130க்குக் குளுக்கோஸ் வேண்டாம். மெல்ல மெல்லக் குறைக்கும்படி டோஸை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் வியர்வையோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் சுகர் பக்கம் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள், அது இதயமாக இருக்கலாம். மெஷின் கையில் இல்லாத இடத்தில் இன்சுலின் போடுகிறவருக்குப் படபடப்பும் வியர்வையும் வந்தால் லோ என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் கொடுங்கள், கொஞ்ச நேரம் சுகர் ஏறியிருந்தால் பெரிய கெடுதல் வராது.