நண்பர்களுக்காக வீட்டிலேயே மேட்ரிக்ஸ் சர்வர்: வெளியிலிருந்து இணைய முடியவில்லை

கேள்வி: தண்டையார்பேட்டைவாசி

வணக்கம். தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரே கேரம் கிளப்பில் விளையாடி வளர்ந்த பன்னிரண்டு பேர் நாங்கள். அவர்களில் இருவர் இப்போது துபாயில் இருக்கிறார்கள். எங்கள் அரட்டைக் குழுவைப் பெருநிறுவனச் செயலியிலிருந்து எடுத்து, நாங்களே நடத்தும் மேட்ரிக்ஸ் (யாரும் சொந்தச் சர்வர் வைக்கக்கூடிய திறந்த அரட்டை நெறிமுறை) சர்வருக்கு மாற்ற விரும்புகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, மேட்ரிக்ஸின் சர்வர் மென்பொருளான சினாப்ஸை ஓட்டிப் பார்த்தேன். வீட்டு வைஃபைக்குள் ஒழுங்காக இயங்குகிறது; ஆனால் ரவுட்டரில் 443, 8448 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிட்ட பிறகும் வெளியிலிருந்து ஒருவராலும் இணைய முடியவில்லை. ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டத்தைச் சொன்னதுமே நண்பர் ஒருவர், "கம்பெனிக்காரன் படிக்கக் கூடாதுன்னு உன் வூட்டுக்கு வந்தா, நீ படிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு நேர்மையான பதில் எது?

பதில்: ராயபுரத்தார்

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் சிஜிநாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. அதாவது உங்களையும் உங்கள் பகுதியின் பல வீடுகளையும் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனைக் கதவுகளைத் திறந்தாலும், தெருமுனைக் கதவு அவர்கள் கையில் இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். அல்லது சிறிய விபிஎஸ் (தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வீட்டு லேப்டாப்புக்குச் சுரங்கம் போடலாம். அப்போது தரவு வீட்டிலேயே இருக்கும்.

நானும் முதலில் வீட்டில்தான் வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கியது, அதன் பிறகு சர்வர் அணைந்துவிட்டது. யார் வீட்டில் தண்ணீர் ஏறியது, யாருக்குப் பால் பாக்கெட் வேண்டும் என்று நண்பர்கள் ஒருவரையொருவர் விசாரிக்க வேண்டிய நாள்களில் எங்கள் அரட்டை மட்டும் இருட்டில் கிடந்தது. அதன் பிறகு முழுவதையும் விபிஎஸ்ஸுக்கே மாற்றிவிட்டேன். (கடற்காற்றில் அந்த லேப்டாப்பின் மின்விசிறி துருப்பிடித்ததைத் தனிக்கதையாக எழுத வேண்டும்.)

எங்கு வைத்தாலும் டொமைன் பெயரை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். சர்வர் பெயர் ஒவ்வொருவரின் அடையாளத்திலும் ஒட்டிக்கொள்வதால் பிறகு மாற்ற இயலாது. மாற்றினால் புதிதாகவே தொடங்க வேண்டும். சர்வர் வேறொரு துணை டொமைனில் இயங்கினாலும், முதன்மை டொமைனில் வைக்கும் வெல்-நோன் என்ற வழிகாட்டிக் கோப்பு மூலம் அடையாளத்தில் முதன்மைப் பெயரே வருமாறு செய்யலாம். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட்டை விட்டுவிட்டு, முதல் நாளிலேயே போஸ்ட்கிரெஸ் வையுங்கள். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பொது அரட்டை அறைகளில் வேடிக்கை பார்க்கச் சேராதீர்கள். பன்னிரண்டு பேர் பேசுவதை 2 ஜிபி ரேமில் சிரமமின்றித் தாங்கும் என் சர்வர், அப்படி ஓர் அறையில் நான் சேர்ந்த அன்று மாலையே மூச்சுத் திணறியது.

பதில்: வியாசர்பாடி_77

நண்பரின் கேள்விக்கு, "எழுதியதைப் படிக்க முடியாது, ஆனால் நிறையத் தெரியும்" என்பதே நேர்மையான பதில். மறையாக்கம் இயக்கப்பட்ட அறையில் செய்தியின் உள்ளடக்கம் அனுப்புபவரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் யார், எப்போது, எந்த அறையில் எழுதினார் என்பதும், அறையின் பெயரும், உறுப்பினர் பட்டியலும், செய்திக்கு இடப்படும் எமோஜியும் தரவுத்தளத்தில் வெளிப்படையாகவே இருக்கும். ஆகவே நண்பர் ஒருவரின் கடன் விவகாரத்தைப் பேச அறை திறந்தால், அந்தக் கடனை அறையின் பெயராக வைக்கக் கூடாது.

நிர்வாகி மனம் வைத்தால் ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றி, அவர் பெயரில் புதிய சாதனமாக நுழையவும் இயலும். அதைத் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது சாதனச் சரிபார்ப்பு. இரு திரைகளிலும் தோன்றும் ஏழு எமோஜிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த வேலையைக் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே மாலையில் முடித்துவிடுங்கள். துபாய் நண்பர்களுக்கு வீடியோ அழைப்பு போதும். பழைய செய்திகளைப் புதிய கைபேசியிலும் திறக்க உதவும் மீட்புச் சாவியை எல்லோரும் தாளில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் மின்சார ரயிலில் கைபேசியைத் தொலைத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி என்னிடம் கேட்டார், மாற்றித் தந்தேன். உள்ளே வந்தார், பழைய செய்தி ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவர் சாவி என்னிடம் இல்லை என்பதை அன்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

பதில்: எண்ணூர்_அனல்

பன்னிரண்டு பேருக்கு மேட்ரிக்ஸ் எதற்கு என்று கேட்பவன் நான். 1999இல் ஜாபர் என்ற பெயரில் பிறந்த எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறை இன்றும் நன்றாகவே இயங்குகிறது; அதற்கான புரோசோடி சர்வர் சினாப்ஸ் விழுங்கும் நினைவகத்தில் சிறு பங்குகூடக் கேட்பதில்லை; ஆண்ட்ராய்டில் கான்வெர்சேஷன்ஸ் செயலி ஓமீமோ என்ற மறையாக்கத்தைத் தானாகவே இயக்கிவிடும். ஒரு குறையை மட்டும் மறைக்க விரும்பவில்லை: ஓமீமோவில் புதிதாகச் சேர்க்கும் சாதனம், அதற்கு முன் அனுப்பப்பட்ட செய்திகளைத் திறக்காது.

மேட்ரிக்ஸிலேயே இருப்பதானால் செயலியும் நெறிமுறையும் வேறு என்பதை நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள். 2023இல் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலியும் ஒன்று. அதே கணக்கில் ஃப்ளஃபிசாட் போன்ற வேறொரு செயலியிலிருந்தும் நுழையலாம்.

மறுமொழி: தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் நன்றி. பழைய உரையாடலைத் தேடிப் படிப்பவர்கள் எங்களில் அதிகம் என்பதால் மேட்ரிக்ஸையே வைத்துக்கொள்கிறேன். சர்வர் விபிஎஸ்ஸுக்குப் போகிறது, லேப்டாப் தினசரி பேக்கப்பை வாங்கி வைக்கும். வெளிச் சர்வர்களுடனான கூட்டிணைப்பு இப்போதைக்குத் தேவையில்லை. அறையை உருவாக்கும்போதே அதை அணைத்துவிடலாமா?

பதில்: ராயபுரத்தார்

வேண்டாம். அறை பிறக்கும்போது அணைத்தால் அந்த அறைக்கு அது நிரந்தரம். சினாப்ஸின் அமைப்புக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட டொமைன்களின் பட்டியலை வெற்றுப் பட்டியலாக ([]) எழுதி வையுங்கள். துபாய் நண்பர் நாளை சொந்தச் சர்வர் தொடங்கினால் அவர் டொமைனை மட்டும் அதில் சேர்த்தால் போதும். பேக்கப்பில் தரவுத்தளத்தோடு மீடியா கோப்புறையும் சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கும் கையொப்பச் சாவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.